ஹட்டனில் இருந்து மாஃபுஷிக்கு: கடைசிப் படகு போன பிறகு இறங்கினால்

மாலைதீவுக்கு டிக்கட் எடுக்கும்போது முதலில் இறங்கும் நேரத்தைப் பாருங்கள். விலையைப் பிறகு பார்க்கலாம். ஆளுக்குச் சில ஆயிரம் ரூபாய் மலிவு என்று நாங்கள் இருவரும் ராத்திரி விமானத்தை எடுத்தோம். விமானம் தாமதமாகி, வெலானா விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது நாங்கள் போக வேண்டிய மாஃபுஷித் தீவுக்கான கடைசி ஸ்பீட் போட் போய்விட்டது. தனிப் போட் பிடிக்கலாம் என்றார்கள். ஆளுக்கு 25 டொலர் அளவில் முடிகிற பயணத்துக்கு அவர்கள் கேட்ட தொகை பல மடங்கு. கடைசியில் விமான நிலையத்தை அடுத்த ஹுல்ஹுமாலேயில் அறை எடுத்துத் தங்கினோம். மாஃபுஷி அறையின் முதல் இரவுக் காசும் திரும்பி வரவில்லை.

இன்றைக்கும் மனம் ஆறாத இடம் அதுதான். புறப்படும் முன்பே விடுதிக்கு எழுதிக் கேட்டிருந்தோம். "போட் இருக்கு, பிரச்சினை இல்லை" என்று பதில் வந்தது. எத்தனை மணிக்கு என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நீங்கள் கேட்கும்போது விமான எண்ணைக் கொடுங்கள். அன்றைய கடைசிப் போட் எத்தனை மணிக்கு, விமானம் தாமதமானால் காத்திருப்பார்களா, தவறினால் காசு திரும்புமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பகல் இரண்டு மணிக்கு முன் இறங்கும் விமானம் என்றால் இந்தத் தலையிடியே இல்லை.

பகலில் இறங்க வேண்டுமானால் ஹட்டனில் இருந்து நடுராத்திரியிலேயே கிளம்ப வேண்டும். கினிகத்தேன, கித்துல்கல, அவிசாவளை வழியாக இறங்கும் பாதையில் பனிமூட்டமும் மழையும் சேர்ந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. வேனில் போகிறவர்கள் கொழும்புக்குள் நுழையாமல் கடுவலையில் அதிவேகப் பாதை ஏறி, கெரவலப்பிட்டி வழியாகக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போவது நல்லது. பஸ்ஸில் போகிறவர்கள் கொழும்பில் இறங்கி 187ஆம் இலக்க பஸ் பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் முதல் நாளே இறங்கி நீர்கொழும்புப் பக்கம் தங்கிவிடுங்கள். அந்த அறைக் காசு, விமானத்தைத் தவற விடுவதோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

இனிப் பேர். நம் மலையக ஆட்களுக்கு இது தனிப் பிரச்சினை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, தோட்டத்துப் பதிவில் வேறொன்று. டிக்கட்டில் பதிய வேண்டியது பாஸ்போட்டில் உள்ள பேர் மட்டுமே, எழுத்துக்கு எழுத்து. பழக்கத்தில் முதலெழுத்தோடு நிறுத்தாமல், அப்பா பேர் பாஸ்போட்டில் முழுதாக இருந்தால் முழுதாகவே போடுங்கள். எங்கள் ஒரு டிக்கட்டில் முதலெழுத்து மட்டும் இருந்ததைக் கட்டுநாயக்க கவுண்டரில் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மணித்தியாலம் நிற்க வைத்துத்தான் திருத்தித் தந்தார்கள், அதற்கும் காசு.

இலங்கையருக்கு முப்பது நாள் விசா இறங்கியதும் இலவசம். ஆனால் திரும்பும் டிக்கட், விடுதிப் பதிவு, செலவுக்குக் காசு மூன்றையும் காட்டச் சொல்லலாம். நம் பக்கத்தில் இருந்து அங்கே வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் என்பதால், கட்டுநாயக்கவிலேயே கேள்வி வரும். எல்லாவற்றையும் அச்செடுத்துக் கையில் வையுங்கள். போன் சார்ஜ் தீர்ந்தால் காட்ட ஒன்றும் இருக்காது.

இமுகா என்ற மாலைதீவுக் குடிவரவின் இணையப் படிவத்தை, போய் இறங்குவதற்கு முன் 96 மணித்தியாலத்துக்குள் ஆளுக்கு ஒன்றாக நிரப்ப வேண்டும். கட்டணம் இல்லை. தேடும்போது முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் இதற்கே டொலர் கேட்கும், அவை அரசாங்கத் தளம் அல்ல. திரும்பி வரும்போதும் இதே படிவம் இன்னொரு தடவை உண்டு, பலர் மறப்பது அதைத்தான்.

பையில் வைக்கக் கூடாதவற்றை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். வழிபாட்டுச் சிலைகளுக்கு அங்கே அனுமதி இல்லை. வழித்துணையாகக் கைப்பையில் சின்னப் பிள்ளையாரை வைத்துக்கொண்டு போகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அவரை வீட்டுச் சாமி மாடத்திலேயே விட்டுப் போவதுதான் மரியாதை. மதுவுக்கும் பன்றி இறைச்சிக்கும் தடை. கட்டுநாயக்க வரியில்லாக் கடையில் வாங்கும் போத்தலையும் அங்கே சுங்கத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

காசு விஷயத்தில் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். அறை ஒரு இரவுக்கு 50 டொலர் என்று போட்டிருந்தது. 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்ந்து 55. அதன்மேல் 17 வீதம் சுற்றுலா வரி, 9.35. பச்சை வரி, ஐம்பது அறைக்கு உட்பட்ட சிறு விடுதியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 டொலர், இரண்டு பேருக்கு 12. ஆக 76.35. பெரிய ரிசோட்டில் பச்சை வரி ஆளுக்கு 12. பதிவு செய்யும் முன், "வரி எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேளுங்கள்.

நம்முடைய ரூபாயை அங்கே மாற்றலாம் என்று நம்பிப் போக வேண்டாம், டொலரை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். கிழிந்த, எழுதிய, பழைய நோட்டுகளைத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஒன்றும் ஐந்துமாகச் சில்லறை நோட்டும் கேட்டு வாங்குங்கள். வங்கி அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடச் சொல்லி வங்கிக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். வெள்ளியும் சனியும் அங்கே விடுமுறை, வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் கடைகளும் மூடியிருக்கும்.

ஹுல்ஹுமாலேயில் இருந்து மறுநாள் காலை விமான நிலையப் படகுத்துறைக்குத் திரும்பி வந்து ஏறினோம். முக்கால் மணித்தியாலத்துக்குள் மாஃபுஷி. போட்டில் பின்பக்கம் உட்காருங்கள், முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். வளைந்த மலைப்பாதையில் வாந்தி வராதவருக்கும் இதில் வரும். மாத்திரையை ஏறுவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன் போட வேண்டும், வயிறு குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை.

மாஃபுஷி மக்கள் வாழும் தீவு. குளியல் உடையோடு இறங்க வேலி அடைத்த தனிக் கடற்கரை உண்டு, மற்ற இடங்களில் தோளும் தொடையும் மூடியிருக்க வேண்டும். நீளக் கை டீ-சேர்ட்டும் லெகின்ஸும் போட்டே குளிக்கலாம், வெயிலுக்கும் அதுதான் காப்பு. பருத்தித் துணி வேண்டாம், ஈரமானால் பாரமாகிக் கீழே இழுக்கும்.

வெயிலைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குளிருக்குப் பழகிய உடம்பு, மேலே காற்று வேறு, சுடுவதே தெரியாது. தண்ணீரில் குப்புறக் கிடந்து மீன் பார்க்கும்போது எரிவது முகமல்ல, முழங்காலின் பின்பக்கமும் கெண்டைக்காலும் கழுத்தின் பின்புறமும்தான். முதல் நாளே காலைக் கீழே வைக்க முடியாமல் போனது. கிரீமை இறங்குவதற்கு இருபது நிமிடத்துக்கு முன் பூசி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூசுங்கள். பத்து மணியில் இருந்து மூன்று மணி வரை நிழலில் இருங்கள். உடம்பில் நீர் வற்றினால் கரைத்துக் குடிக்கும் ஜீவனித் தூள் நாலு பக்கெட் இங்கிருந்தே கொண்டு போங்கள், எங்களுக்கு இரண்டு தேவைப்பட்டது.

கண்ணாடி முகமூடி வாடகைக்குக் கிடைக்கும். வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை விட்டாலும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்குச் சரி. ஓரத்தில் ஒரு முடி மாட்டினாலும் தண்ணீர் கசியும். மீசைக்காரர்களுக்கு மூக்கின் கீழே கசிந்துகொண்டே இருக்கும், அங்கே மெல்லிதாக வாஸ்லைன் தடவினால் நிற்கும். ஆற்றிலும் நீர்த்தேக்கத்திலும் நீந்திப் பழகிய தைரியத்தில் பவளப்பாறை விளிம்பைத் தாண்டிப் போகாதீர்கள். தீவுகளுக்கு நடுவே வாய்க்கால்போல் நீரோட்டம் ஓடுகிறது, நீச்சல் தெரிந்தவரையும் அது இழுத்துக்கொண்டு போகும். உயிர்காப்பு அங்கி போட்டு, உள்ளூர் வழிகாட்டியோடு இறங்குங்கள். பவளத்தின் மேல் கால் வைக்கவே வேண்டாம், அதற்கும் கேடு, வெட்டினால் புண் ஆறவும் நாளாகும்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறும் முன், மீசைக்கு வாஸ்லைன் தடவிக்கொண்டு இறங்கினோம். ஒரு மணித்தியாலம் தண்ணீரில் கிடந்தும் முகமூடிக்குள் ஒரு சொட்டு வரவில்லை.