சாவி யார் கையில்?

புதிதாக ஒரு குழு கிளவுடுக்கு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி என் மேசைக்கு வந்துவிடும்: கிளவுட் நிறுவனமே தரும் நேட்டிவ் கண்காணிப்பு, நிர்வாகக் கருவிகள் போதுமா, வெளியில் ஒன்று வாங்கலாமா? கூடவே வசதிகளை ஒப்பிடும் ஒரு எக்செல் ஷீட்டும் வரும். அதை நான் கடைசியில்தான் திறப்பேன். இந்தக் கருவி நம் கிளவுட் கணக்கைப் பார்க்க மட்டும் போகிறதா, அதில் கை வைக்கவும் போகிறதா? இதுதான் என் முதல் கேள்வி.

பார்க்க மட்டும் என்றால் எனக்குப் பெரிதாக ஆட்சேபம் இருக்காது. நேட்டிவ் கண்காணிப்புக்கு எல்லை உண்டு. அமேசான் கிளவுடில் வாடகைக்கு எடுக்கும் ஈசி2 சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். அமேசானின் நேட்டிவ் கண்காணிப்புக் கருவியான கிளவுட்வாட்ச் அதன் சிபியு, நெட்வொர்க் அளவுகளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே காட்டும். மெமரியைக் காட்டாது. உள்ளே ஓஎஸ் மெமரியை எப்படிச் செலவழிக்கிறது என்பது வெளியே இருந்து அந்த சர்வரை இயக்கும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளுக்குத் தெரியாது. ராத்திரி அப்ளிகேஷன் திணறும். சிபியு கிராஃப் படுத்துக் கிடக்கும். ஆன்-காலில் இருப்பவர் "சர்வர் நல்லாத்தானே இருக்கு" என்று நெட்வொர்க்கைத் தோண்டிக்கொண்டிருப்பார். உள்ளே மெமரி நிரம்பி, ஓஎஸ் ஒவ்வொரு ப்ராசஸாகக் கொன்றுகொண்டிருக்கும். இதைப் பார்க்க சர்வருக்குள் ஒரு ஏஜென்ட், அதாவது உள்ளிருந்தே அளவெடுக்கும் சிறு மென்பொருள், நிறுவியே ஆக வேண்டும். அமேசானே ஒன்று தருகிறது. ஆனால் இரண்டு கிளவுடில் வேலை நடக்கிற இடத்தில், இரண்டையும் ஒரே திரையில் காட்டும் ஏஜென்ட்டைக் கேட்பது நியாயம்தான். ஒரு கிளவுட் இன்னொரு கிளவுடைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரில், செலவைக் காட்டும் காஸ்ட் மேனேஜ்மென்ட்டில் அமேசான் செலவையும் காட்டும் கனெக்டர் இருந்தது. 2025 மார்ச் 31-ஓடு அது நின்றுவிட்டது.

ஒரு செலவை மட்டும் பலர் கவனிப்பதில்லை. வெளிக்கருவி ஏபிஐ (மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வழி) மூலமாக மெட்ரிக்குகளை, அதாவது இந்த அளவுகளை, இழுக்கும்போது, அதற்கான கிளவுட்வாட்ச் கட்டணம் நம் பில்லில்தான் ஏறும்.

நம்பகத்தன்மையை வைத்து முடிவு செய்யலாம் என்பவர்களிடம் நான் இரண்டு தேதிகளைச் சொல்வேன். 2021 டிசம்பர் 7-இல் அமேசானின் வடக்கு வர்ஜீனியா ரீஜியன் (டேட்டா சென்டர்களின் தொகுதி) முடங்கியபோது, கண்காணிப்புத் தரவும் சேர்ந்தே அடிபட்டது. கோளாறைத் தேடிய அவர்களின் பொறியாளர்களுக்கே நிலவரம் சரியாகத் தெரியவில்லை. 2023 மார்ச் 8-இல் வெளிக்கண்காணிப்புக் கருவியான டேட்டாடாக் விழுந்தது. தானாக நிறுவப்பட்ட ஒரு சிஸ்டம்டி (லினக்ஸின் அடிப்படைச் சேவைகளை நடத்தும் மென்பொருள்) அப்டேட்தான் காரணம். வெவ்வேறு கிளவுடுகளில் பரவியிருந்தும் ஒரே நேரத்தில் அடிவாங்கியது. அதனால் எந்தக் கருவியை எடுத்தாலும், மிக முக்கியமான சில அலாரங்களையாவது இன்னொரு பக்கத்திலும் வைக்கச் சொல்கிறேன்.

கை வைக்கும் கருவி என்றால் நான் கறாராகிவிடுவேன். "சர்வரைத் தானே நிறுத்தும், தானே சரிசெய்யும்" என்று டெமோவில் காட்டுவார்கள். அதற்கு நம் கணக்கில் எழுதும் அனுமதியுள்ள ஒரு ரோல், அதாவது அவர்கள் ஏற்றுக்கொண்டு உள்ளே வரும் அடையாளம், வேண்டும். அவர்கள் பக்கம் ஊடுருவல் நடந்தால், அந்த ரோல் வழியாக நம் வீட்டுக்குள் வந்துவிடலாம். வேறொருவர் அவர்கள் கருவி வழியாக நம் ரோலைப் பயன்படுத்தாமல் தடுக்கும் எக்ஸ்டர்னல் ஐடி என்ற அடையாளம் இல்லாத ரோலை நான் ஏற்பதே இல்லை. இருந்தாலும் முதலில் ரீட்-ஒன்லி மட்டும்தான். அவர்கள் பரிந்துரையை அனுப்பட்டும், மாற்றத்தை நம் பைப்லைன் (மாற்றங்களைச் சோதித்துச் செயல்படுத்தும் நம் தானியங்கி அமைப்பு) செய்யட்டும்.

கிளவுட் அமைப்பை நிரலாக (கோடு) எழுதி உருவாக்கும் டெர்ராஃபார்மும் வெளிக்கருவிதானே என்று கேட்பார்கள். ஆமாம். ஆனால் அது நம் பைப்லைனில் ஓடினால் சாவியும் கோடும் நம்மிடமே இருக்கும். 2023 ஆகஸ்டில் அதை உருவாக்கிய ஹாஷிகார்ப் நிறுவனம் அதன் உரிமத்தை மாற்றியதும், அதே கோடிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற திறந்தமூலக் கருவி கிளைத்தது. மாற விரும்பிய குழுக்கள் தங்கள் ஃபைல்களைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டு போக முடிந்தது. டெர்ராஃபார்ம் தான் உருவாக்கியவற்றைக் குறித்துவைக்கும் ஸ்டேட் ஃபைல்தான் எனக்குக் கவலை. பாஸ்வேர்டுகள் அதில் வெறும் எழுத்தாகவே விழக்கூடும். அது எங்கே இருக்கும், யார் திறக்கலாம் என்பதைக் கருவியை முடிவு செய்கிற கூட்டத்திலேயே எழுதி வாங்கிவிடுகிறேன்.