இறுகிப்போன பிளஞ்சர்: கோல்ஃப் ஜிடிஐ கே-ஜெட்ரானிக் வேலைக் குறிப்பு

வண்டி: முதல் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன். பல வருடம் ஓடாமல் நின்றது. பம்ப் ஓடுகிறது, ஸ்டார்ட் செய்தால் ஒரு இருமல், அப்புறம் நாலு பிளக்கும் நனைந்துவிடுகின்றன.

பாஷின் கே-ஜெட்ரானிக் என்பது இயந்திர முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு, கம்ப்யூட்டர் கிடையாது. என்ஜின் இழுக்கும் காற்று ஒரு வட்டத் தட்டைத் தூக்கும். தட்டின் நெம்புகோல், ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைப் பங்கிடும் ஃபியூல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் நிற்கும் பிளஞ்சரை, அதாவது சிறு உலோகத் தண்டை, மேலே தள்ளும். பிளஞ்சர் ஏற ஏற, அதைச் சுற்றியுள்ள உருளையில் மயிரிழை அகலத்துக்கு வெட்டிய பிளவுகள் திறந்து பெட்ரோல் இன்ஜெக்டருக்குப் போகும். மேலே ஏற்ற நெம்புகோல் இருக்கிறது. கீழே அமுக்குவதற்குத் தலைமேல் நிற்கும் பெட்ரோல் அழுத்தம், அதாவது கன்ட்ரோல் பிரஷர்தான். அதனால் பழைய பெட்ரோல் காய்ந்து ஒட்டிய மெல்லிய வார்னிஷ் படலமே பிளஞ்சரை மேலே பிடித்து வைக்கப் போதும். பிளஞ்சர் மேலே நின்றால் பிளவு திறந்தே இருக்கும். பிளக் நனைந்ததன் காரணம் இதுதான்.

கையால் பார்க்கும் சோதனை எளிது. ஆனால் அதற்கு முன் நாலு இன்ஜெக்டரையும் பிடுங்கி நாலு பாட்டிலில் விட்டாக வேண்டும். பம்ப் ஓடும்போது தட்டைத் தூக்கினால் பெட்ரோல் நேராக என்ஜினுக்குள் போகும். சிலிண்டர் நிரம்பிய நிலையில் ஸ்டார்ட்டரைப் போட்டால் கனெக்டிங் ராடு வளையும். இன்ஜெக்டர்கள் வெறும் ரப்பர் வளையத்தின் பிடிப்பில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அந்த வளையம் பழசானால் பேக்கலைட் மாதிரி ஆகிவிடும். இடமும் வலமும் திருகிக்கொண்டே இழுத்தால் வரும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குப்பி உடையும்.

பம்பைப் பத்து விநாடி ஓட்டி நிறுத்திவிட்டு, தட்டின் நடு போல்ட்டில் காந்தத்தை ஒட்டி மெதுவாகத் தூக்க வேண்டும். சரியான அமைப்பில் அடி முதல் நுனி வரை ஒரே சீரான எதிர்ப்பு இருக்கும். வேகமாக இறக்கினால் எதிர்ப்பே தெரியாது, ஏனென்றால் பிளஞ்சர் பின்னால் மெதுவாக வரும். இந்த வண்டியில் தட்டு பாதி தூரம் தொளதொளவென்று ஏறி, அங்கே டக்கென்று முட்டியது. பிளஞ்சர் பாதி வழியில் இறுகியிருக்கிறது. ஒரே இடத்தில் உரசல் கேட்டால் அது வேறு நோய்: தட்டு அதைச் சுற்றியுள்ள கூம்பில் இடிக்கிறது.

முதல் முயற்சி, எதையும் கழற்றாமல். டிஸ்ட்ரிபியூட்டருக்கும், என்ஜின் சூட்டுக்கேற்ப கன்ட்ரோல் பிரஷரை மாற்றும் வார்ம்-அப் ரெகுலேட்டருக்கும் நடுவே பிரஷர் கேஜ், ரெகுலேட்டர் பக்கம் ஒரு குழாய்த் திறப்பு. திறப்பை மூடினால் முழு சிஸ்டம் பிரஷரும் பிளஞ்சர் தலைமேல் ஏறும். கேஜ் 4.7 பார் காட்டியது. இந்த வண்டிக்கு 4.5 முதல் 5.2 வரை சரி. பிளஞ்சர் விட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் என்று வைத்தால் மூன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலான அமுக்கம். லேசான ஒட்டலுக்கு இது போதும், இருபது தடவை பம்பைப் போட்டு நிறுத்தினால் இறங்கிவிடும். இங்கே அசையவில்லை.

அடுத்து, கழற்றல். பைப்புகளுக்கு எண் கட்டி, எப்போதும் இரண்டு ஸ்பேனர் வைத்து நட்டுகளைத் தளர்த்த வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடிப்பவை மேலே உள்ள மூன்று ஸ்க்ரூக்கள் மட்டுமே. இரண்டு பாதிகளை இணைக்கும் ஸ்க்ரூக்களைத் தொடக் கூடாது. தூக்கும்போது பெருவிரல் அடியில் இருக்கட்டும். இறுகியதுதானே என்று நம்பி இருக்கும் நேரத்தில்தான் பிளஞ்சர் நழுவித் தரையில் விழும். பிளவைத் திறந்து மூடும் அதன் விளிம்பில் ஒரு சிறு நசுங்கல் விழுந்தாலும் அந்த டிஸ்ட்ரிபியூட்டர் காயலான் கடைக்குத்தான். பிளஞ்சரும் உருளையும் ஜோடியாகப் பொருத்தியவை. வேறு யூனிட்டின் பிளஞ்சர் சேராது.

தலைகீழாக வைத்து, பிளஞ்சர் நுனியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மட்டும் அசிட்டோன் விட்டு, பாலிதீனால் மூடி ஊறவிட்டோம். மொத்த யூனிட்டையும் முக்கினால் உள்ளே இருக்கும் ஓ-ரிங்குகள் ஊதிவிடும். அசிட்டோன் சீக்கிரம் பறக்கிறது, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டியிருந்தது. பக்கத்தில் ஹீட் கன், சிகரெட் எதுவும் கூடாது. ஒரு நாள் கழித்து அசிட்டோனும் ஏடிஎஃப் எனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயும் சரிபாதி. இவை இரண்டும் கலந்து நிற்காது, ஒவ்வொரு முறையும் குலுக்கி உடனே விட வேண்டும்.

இரண்டாம் நாள் மாலை, சைக்கிள் டியூப் துண்டு சுற்றி விரலால் திருப்பியபோது பிளஞ்சர் சுழன்றது. முதலில் சுழற்றல், பிறகுதான் இழுவை. சுழலாததை நேராக இழுப்பவர்கள்தான் பிளேயரைத் தேடுவார்கள். மூன்றாம் நாள் கன்ட்ரோல் பிரஷர் துவாரத்தில் சைக்கிள் பம்பை இறுக்கிப் பிடித்து, மறுபக்கம் துணியால் பொத்தி அடித்ததும் வெளியே வந்தது. கிரீஸ் கன் இன்னும் பலமானதுதான், ஆனால் கிரீஸ் பிளவுக்குள் போனால் எடுக்க வழியில்லை.

பிளஞ்சரின் நடுவில் தேன் நிறத்தில் ஒரு வளையம், நகத்தில் ஒட்டும் பிசுபிசுப்பு. துரு இல்லை, நல்ல காலம். அசிட்டோன் நனைத்த பிசிறற்ற துணி மட்டும்; 2000 நம்பர் உப்புத்தாள் கூட வேண்டாம். பிளவுகளில் கம்பி விடக் கூடாது. ஊறவைத்து, காற்றடித்து, உருளையின் உள்ளே டார்ச் பிடித்துப் பார்த்தால் நாலும் ஒரே மாதிரி மெல்லிய வெளிச்சக் கோடாகத் தெரிய வேண்டும். பெட்ரோலில் நனைத்த பிளஞ்சர், செங்குத்தாகப் பிடித்த உருளையில் தன் எடையாலேயே வழுக்கி இறங்கினால் பாஸ். எந்த முனை கீழே இருந்தது என்று முன்பே படம் எடுத்து வைத்தது இப்போது உதவியது.

அதே கையோடு பக்கவாட்டில் உள்ள பிரஷர் ரெகுலேட்டர் பிஸ்டனும் சுத்தம் செய்தாயிற்று. அதன் பின்னால் இருக்கும் ஷிம்களை, அதாவது மெல்லிய வளையத் தகடுகளை, எண்ணி அப்படியே திருப்பி வைக்க வேண்டும். அவைதான் சிஸ்டம் பிரஷரைத் தீர்மானிக்கின்றன. வார்ம்-அப் ரெகுலேட்டரின் நுழைவாயில் சல்லடையில் டேங்கின் துருப்பொடி அடைத்திருந்தது. டேங்கைக் கழுவி ஃபில்டரை மாற்றாமல் பூட்டினால், செய்த வேலை எல்லாம் வீண்.

பூட்டும்போது தட்டைச் சுற்றி 0.10 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் நாலு இடத்திலும் போய்வரும்படி நடுவில் அமர்த்தியது. டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியில் இருக்கும் ஓ-ரிங் புதிது. அது கசிந்தால் அளக்காத காற்று புகும். குழாயை இணைக்கும் துளையிட்ட பாஞ்சோ போல்ட் ஒவ்வொன்றுக்கும் இரண்டு புது செம்பு வாஷர். 3 மில்லிமீட்டர் ஆலன் கீ போடும், காற்று-பெட்ரோல் விகிதத்தை மாற்றும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை இதுவரை தொடவில்லை.

இப்போது தட்டின் எதிர்ப்பு சீர். பாட்டில் சோதனையில் 20, 19, 20, 14 மில்லி. நாலாவது இன்ஜெக்டரை ஒன்றாம் பைப்பில் மாட்டியதும் குறைவும் கூடவே ஒன்றுக்குப் போய்விட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் குற்றவாளி அல்ல. அந்த இன்ஜெக்டர் பீய்ச்சுவதும் கூம்பாக இல்லை, ஒற்றைத் தாரையாக விழுகிறது. ஒரு இன்ஜெக்டரும் நாலு ரப்பர் வளையமும் வர வேண்டும். அதுவரை பைப் வாய்களில் மூடி.