ஒரு மீட்டர் பாய்ப்படகுக்கு ஏரா: மூன்று ஃபின், இரண்டு ஈயக்குண்டு

மரவள்ளத்தில் ஏரா என்றால் முன்முனையான அணியத்திலிருந்து பின்தலை வரை ஓடும் முதுகெலும்பு. பந்தயப் பாய்ப்படகில் அது வேறு பிறவி. வயிற்றிலிருந்து நேராகக் கீழே இறங்கும் மெல்லிய தகடு ஒன்று, அதுதான் ஃபின்; அதன் நுனியில் ஈயக்குண்டு ஒன்று. இங்கே பேசுவது ரேடியோவில் ஓடும் சின்னப் படகைப் பற்றி. இன்டர்நேஷனல் ஒன் மீட்டர் வகுப்பின் அளவுகளை வைத்துக்கொண்டு செய்தது: நீளம் 1000 மி.மீ.க்குள், மொத்த எடை குறைந்தது 4000 கிராம், நீருக்குள் இறங்கும் ஆழம் 370 முதல் 420 மி.மீ., ஃபினும் குண்டும் சேர்ந்து 2200 முதல் 2500 கிராம். படகின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீருக்கு அடியில் தொங்குகிறது. பாய்க்குச் செலவழிக்கும் கவனத்தில் கால்பங்கைக்கூட இதற்கு யாரும் கொடுப்பதில்லை.

ஏராவுக்கு இரண்டு வேலை. குண்டு படகை நிமிர்த்துகிறது, ஃபின் படகு பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கிறது. அந்தப் பிடி சும்மா வராது. படகு காற்றின் கீழ்ப்பக்கம் 4, 5 டிகிரி சறுக்கினால்தான் ஃபின்னில் தண்ணீர் சாய்வாக மோதி, இறக்கைபோல எதிர்விசை பிறக்கும். சறுக்கலை அடியோடு ஒழிக்க முடியாது. எவ்வளவு குறைந்த சறுக்கலில், எவ்வளவு குறைந்த இழுவையில் அந்த விசையைப் பெறுகிறோம் என்பதில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது.

எடுத்துக்கொண்ட அளவு: வெளியே தெரியும் ஃபின் நீளம் 330 மி.மீ., அகலம் மேலே 85, கீழே 75, தடிமன் 6. படகின் வயிறு 55, குண்டு 35 சேர்த்தால் 420 சரியாக வரும்.

தடிமன் ஏன் 6? பழைய வரைபடங்கள் பலவற்றில் நாக்கா 0012 என்ற இறக்கை வெட்டுமுகம் இருக்கும், அதாவது அகலத்தில் 12 சதவீதத் தடிமன். பெரிய படகுக்கு அது பொருந்தும். இந்த அளவில், வினாடிக்கு 0.3 முதல் 0.8 மீட்டர் வேகத்தில், ரெனால்ட்ஸ் எண் (வேகத்தையும் ஃபின் அகலத்தையும் பெருக்கி நீரின் பாகுத்தன்மையால் வகுத்தது) 30,000 முதல் 80,000 வரைதான். அங்கே தடித்த வெட்டுமுகத்தின் பின்பாதியில் நீரோட்டம் ஒட்டாமல் பிரிந்துவிடும். 7, 8 சதவீதம் போதும், அதிகபட்சத் தடிமன் முன்விளிம்பிலிருந்து 35 முதல் 40 சதவீதத்தில் வரட்டும். நம் ஊர்த் தண்ணீர் இதில் கொஞ்சம் தயவு காட்டுகிறது. 30 டிகிரி நீரின் பாகுத்தன்மை 15 டிகிரி நீரைவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு, அதனால் அதே வேகத்தில் ரெனால்ட்ஸ் எண் கூடும். குளிர்நாட்டு வரைபடத்தை அப்படியே எடுத்தாலும் இங்கே கெட்டுப்போகாது.

முதல் ஃபின்

6 மி.மீ. மரைன் பிளைவுட். இழைத்து 5.6க்குக் கொண்டுவந்து, இருபுறமும் 200 கிராம் கண்ணாடித் துணி ஒரு அடுக்கு. நாகையில் ஃபைபர் படகுக்காரர்கள் பயன்படுத்தும் பாலியஸ்டர் ரெசின் கைக்குக் கிடைத்தது என்பதால் அதையே பூசினது முதல் தவறு. மரத்தில் பாலியஸ்டரின் பிடி போதாது. இரண்டு மாதத்தில் பின்விளிம்பில் உரிய ஆரம்பித்தது. உரிந்த இடத்தில் தண்ணீர் ஏறி பிளைவுட் ஊதிவிட்டது.

அதைவிடப் பெரிய குறை வளைவு. ஃபின்னின் மேல்முனையை வைஸில் கடித்து, தட்டையாக நீட்டிவைத்து, நுனியில் 2.1 கிலோ தொங்கவிட்டால் 36 மி.மீ. தாழ்ந்தது. படகு 30 டிகிரி சாயும்போது அதில் பாதிச் சுமை ஃபின்னின் குறுக்கே விழுகிறது, ஆக 18 மி.மீ. வளைவு. குண்டு நிற்க வேண்டிய இடத்திலிருந்து தாழ்ந்த பக்கமாகத் தொங்குகிறது, நிமிர்த்தும் விசை குறைகிறது. காற்று அடித்து ஓயும்போது குண்டு ஊஞ்சலாட, ஃபின் முறுக்கிக்கொள்கிறது. முறுக்கினால் மேலே ஒரு கோணம், கீழே ஒரு கோணம். வெட்டுமுகத்தைத் தலைமுடி அளவுக்குச் சரிசெய்து என்ன பயன்?

இரண்டாவது ஃபின்

4 மி.மீ. பிளைவுட் கரு. இருபுறமும் 200 கிராம் ஒருதிசைக் கார்பன் இழைத்துணி மூன்று அடுக்கு, இழை மேலிருந்து கீழாக. அதற்கு மேல் மெல்லிய கண்ணாடித் துணி ஒரு அடுக்கு, இழை 45 டிகிரி குறுக்காக. முறுக்கலைத் தடுப்பது இந்தக் குறுக்கிழைதான், விட்டுவிடக் கூடாது. ரெசின் எப்பாக்சி மட்டும். சித்திரையில் 100 கிராம் கலந்து கப்பிலேயே வைத்திருந்தால் பத்து, பதினைந்து நிமிடத்தில் புகைந்து கட்டியாகிவிடும். கலந்த கையோடு அகலமான தட்டில் ஊற்றிப் பரப்ப வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தொந்தரவு வேறு மாதிரி: ஈரக்காற்றில் காய்ந்த எப்பாக்சியின் மேல் எண்ணெய்போலப் பிசுபிசுப்பு படியும். அடுத்த பூச்சுக்கு முன் வெறும் தண்ணீரால் துடைத்துத் தேய்க்காவிட்டால் மேல்பூச்சு பாளமாக உரியும்.

வாக்குவம் பம்ப் தேவைப்படவில்லை. பிளாஸ்டிக் தாள், அதன்மேல் ஒரு அங்குல ஸ்பாஞ்ச், அதன்மேல் மைக்கா ஒட்டிய பலகை. இருபுறமும் இப்படி வைத்து, மேலே பத்து செங்கல். ஸ்பாஞ்ச் வளைவுக்கு ஏற்ப எல்லா இடத்தையும் அழுத்திக்கொள்ளும். பலகையை நேரடியாக வைத்தால் நடுவில் மட்டும் அழுந்தி, விளிம்புகளில் காற்று தங்கும்.

அதே 2.1 கிலோவுக்கு இந்த ஃபின் தாழ்ந்தது 7 மி.மீ.

தேய்க்கும் வேலையில் அவசரம் கூடாது. முன்விளிம்பு கத்திபோல இருக்கக் கூடாது, நீள்வட்டமாக உருளட்டும். பின்விளிம்பை 0.6 மி.மீ. தடிமனில் சதுரமாக வெட்டிவிடுவது நல்லது, உருட்டினால் சுழல் பிறந்து சில வேகங்களில் 'உம்' என்று முனகும். தண்ணீர் விட்டு 400, 600, 1000 காகிதம். அதற்கு மேல் பளபளப்பாக்குவது கண்ணுக்கு மட்டும்.

ஈயக்குண்டு

வேண்டியது 2100 கிராம், அதாவது 185 கன செ.மீ. நீளம் 300, விட்டம் 35 மி.மீ. அளவில் வந்தது. ஃபின் நுழையும் குழிக்கு 60 × 6 × 15 மி.மீ. குடைய வேண்டும், அதில் 60 கிராம் போகும் என்பதால் வார்க்க வேண்டியது 2160.

அச்சுக்குப் பலரும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சொல்வார்கள். காவிரிக் கரையில் இருந்துகொண்டு அது எதற்கு? சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள் தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்து உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றுகிறார்கள். ஈயம் 327 டிகிரியிலேயே உருகும், வெண்கலத்துக்கு வேண்டிய சூட்டில் மூன்றில் ஒரு பங்கு. அதே மண் இதற்குத் தாராளமாகப் போதும்.

மெழுகுக் குண்டை உருட்ட, தகரத்தில் பாதி வெட்டுமுகத்தை வெட்டி, அந்த விளிம்பால் சீவிக்கொண்டே சுற்ற வேண்டும். மெழுகின் எடையை வைத்தே ஈயத்தின் எடையைச் சொல்லிவிடலாம். முதலில் மெழுகின் அடர்த்தியைத் தண்ணீரில் அமுக்கி அளக்க வேண்டும். 0.96 வந்தால் 11.34ஐ அதால் வகுக்க 11.8. மெழுகுக் குண்டு 183 கிராம் என்றால் ஈயம் 2160. குங்கிலியம் கூடினால் மெழுகின் அடர்த்தி ஏறி இந்தக் கணக்கு மாறும்.

மண்ணை வெள்ளைத்துணியில் வடிகட்டி, தோசைமாவுப் பதத்தில் முதல் பூச்சு, தூரிகையால், 2 மி.மீ. குண்டின் மேலெல்லாம் விரல் தடம் தெரியாமல் மூடியதும் நிழலில் ஒரு நாள். வெயிலில் வைத்தால் மெழுகு விரிந்து மண் வெடிக்கும். பிறகு உமியும் மணலும் கலந்த கெட்டிமண் இரண்டு பூச்சு, கட்டுக்கம்பியால் இறுக்கம், மறுபடி மண். ஒரு வாரம் காய்ந்தபின் வறட்டியில் சுட்டு மெழுகை வடித்து, அப்படியே இரண்டு மணி நேரம் சூட்டில் விட வேண்டும். இதில்தான் உயிர் இருக்கிறது. மண்ணுக்குள் ஈரம் இருந்தால் ஈயம் பட்டதும் நீராவியாகி, உருகிய ஈயத்தை முகத்துக்கே எறியும். வாய்த்துளையின்மேல் கண்ணாடித் துண்டைக் காட்டினால் மூச்சுப் பட்டதுபோல மங்குகிறதா என்று பார்க்கலாம். மங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது.

முதல் குண்டை வால்பக்கம் மேலே வரும்படி செங்குத்தாக நிறுத்தி வாலின் வழியே ஊற்றியது வீண். வால் மெல்லியது, முதலில் உறைந்துவிட்டது. வயிறு பிறகு உறையும்போது சுருங்கியது, நிரப்ப மேலிருந்து ஈயம் வர வழியில்லை. வெளியே பார்க்க அழகு, உள்ளே பொள்ளல். தராசில் 2160க்குப் பதில் 2085தான் காட்டியது.

இரண்டாவது முறை குண்டைப் படுக்கவைத்து, ஃபின் குழி வரும் இடத்தில், வயிற்றுக்கு நேர் மேலே, 25 மி.மீ. தடிமனில் ஊற்றுவாய். இரு நுனியிலும் சைக்கிள் ஸ்போக் அளவு காற்றுத்துளை. ஊற்றுவாய் கடைசியாக உறைவதால், வயிறு கேட்ட ஈயத்தை அதுவே கொடுத்தது. அறுத்து எடுத்தபின் 2152 கிராம். அறுத்த இடம் எப்படியும் குழி குடையும் இடம் என்பதால் தழும்பும் இல்லை.

ஈயம் வலைக்கடையில் வாங்கிய வலைக்குண்டு. பழைய பேட்டரித் தகடுகளை உருக்கவே கூடாது. ஈய ஆக்சைடுத் தூளும் அமிலமும் சேர்ந்த நஞ்சு அது. வலைக்குண்டானாலும் திறந்தவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி, முகக்கவசமும் தோல் கையுறையும் போட்டு, குழந்தைகள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் மட்டும். சட்டி மறுபடி அடுப்படிக்குப் போகக் கூடாது. முடிந்த குண்டுக்கு எப்பாக்சி இரண்டு பூச்சு.

குழி குடையும்போது ஈயம் டிரில்லைக் கவ்வும். மண்ணெண்ணெய் விட்டு, மெதுவேகத்தில், வரிசையாக 6 மி.மீ. துளைகள், பிறகு உளி.

பொருத்தம்

படகைக் கவிழ்த்து, தளத்தை ரசமட்டத்தில் நிறுத்தி, ஃபின்னின் பக்கத்தில் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்க வேண்டும். ஃபின் மையக்கோட்டிலிருந்து 1 டிகிரி திரும்பியிருந்தாலும் ஒரு பக்கம் காற்றை நெருங்கி ஓடும், மறுபக்கம் தேங்கும். பாயைக் குறைசொல்லிப் பல நாள் போகும். ஃபின் நுழையும் பெட்டியின் ஆழம் 60 மி.மீ.; அதில் அரை மி.மீ. ஆட்டம் இருந்தால் கீழே குண்டில் கிட்டத்தட்ட 3 மி.மீ. ஆட்டம். ஃபின்னுக்கு மெழுகு தடவி, பெட்டிக்குள் எப்பாக்சிப் பசை வைத்துச் செருகி, காய்ந்தபின் உருவினால் கையுறைபோல உட்காரும்.

குண்டின் மூக்கு 1 டிகிரி மேல்நோக்கி. பின்காற்றில் ஓடும்போது அணியம் அமுங்குவதால், அப்போது குண்டு நீரோட்டத்துக்கு நேராக வரும்.

படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பிக்கொண்டே இருந்தால் ஃபின்னைப் பின்னால் நகர்த்த வேண்டும். காற்றை விட்டு ஓடினால் முன்னால். 5 மி.மீ.யே கையில் தெரியும்.

தண்ணீரில்

சறுக்கலை அளக்க, பின்தலை நடுவில் ஒரு மீட்டர் கறுப்பு நூல், நுனியில் தெர்மோகோல் மணி. வாய்க்கால் பாலத்தின் மேலிருந்து போனில் நேர்கீழாகப் படம். மையக்கோட்டுக்கும் நூலுக்கும் இடையே உள்ள கோணமே சறுக்கல். மேட்டூர் திறந்து தண்ணீர் ஓடும் மாதங்களிலும் இது பிழையாகாது, நூலும் படகும் ஒரே ஓட்டத்தில்தான் மிதக்கின்றன. ஆனால் நேரம் எடுக்கும் சோதனைக்கு ஓடும் தண்ணீர் உதவாது. அதற்குத் தேங்கிய ஏரி, இரண்டு மூங்கில் கழி, இடையே 30 மீட்டர், எதிர்காற்றில். ஃபின்களை மாற்றி மாற்றிப் பத்து ஓட்டம். ஒன்றை ஐந்து முறை ஓட்டிவிட்டு மற்றதை ஐந்து முறை ஓட்டினால், நடுவில் காற்று மாறியதைத்தான் அளந்திருப்போம்.

முதல் ஃபின்னில் சறுக்கல் 7 டிகிரி, இரண்டாவதில் 5. முப்பது மீட்டருக்குச் சராசரி 62 வினாடி, 58 வினாடி. மெல்லிய காற்றில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை, ஆடிக்காற்றில்தான் வளையாத ஃபின் தன்னைக் காட்டியது.

பங்குனியில் நீர் இறங்கியதும் கதை மாறும். வேலம்பாசி. செங்குத்தான ஃபின் அதைச் சீப்புபோல வாரிக்கொள்ளும். ஒரு இழை சுற்றினாலே படகு பாதி வேகத்துக்கு வந்துவிடும். அதற்காக மூன்றாவது ஃபின், 25 டிகிரி பின்சாய்வு. 35 டிகிரிதான் பாசிக்கு நல்லது, ஆனால் நுனி 231 மி.மீ. பின்னால் போகிறது. கூடவே குண்டும் போய்ப் பின்தலை அமுங்கும். 25 டிகிரியில் 154 மி.மீ.; ஃபின்னின் மேல்முனையை 80 மி.மீ. முன்னால் கொண்டுபோய், குண்டில் குழியைப் பின்பாதிக்கு மாற்றியதில் எடை பழைய இடத்துக்கே வந்தது. ஃபின் நீண்டதால் வளைவு 10 மி.மீ. ஆனது. சுத்தமான நீரில் 60 வினாடி.

பாசி வழுக்கிக் கீழே வருகிறது, ஆனால் குண்டின் தோளில் தங்கிவிடுகிறது. ஃபின்னும் குண்டும் சேரும் மூலையை 10 மி.மீ. ஆரத்தில் எப்பாக்சி வைத்து உருட்டியதில் கொஞ்சம் குறைந்தது. மிச்சத்துக்கு, படகைக் காற்றுக்கு நேராக நிறுத்தி, பாயைத் தளர்த்தி, இரண்டு படகு நீளம் பின்னோக்கி நகரவிட்டால் உதிர்ந்துவிடும்.

முத்துப்பேட்டைக் காயலுக்கு இதில் எதுவுமே சரிப்படாது. அங்கே பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான், அடியில் சேறு; 420 மி.மீ. இறங்கும் குண்டு ஓரங்களில் நங்கூரமாகிவிடும். 1983இல் ஆஸ்திரேலியா II என்ற பாய்ப்படகு சிறகு வைத்த ஏராவோடு அமெரிக்கா கோப்பையை வென்றபின் குண்டுக்குச் சிறகு ஒட்டும் ஆசை எல்லாருக்கும் வந்தது. ஆழம் குறைத்த ஏராவுக்குச் சிறகு கைகொடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் சேற்றில் புதைந்த சிறகை இழுப்பது கலப்பையை இழுப்பதுபோல. காயலுக்கு அடுத்த முயற்சி 370 மி.மீ. ஆழத்தில், 95 மி.மீ. அகல ஃபின். கரு வெட்டியாகிவிட்டது, கார்பன் ஒட்ட ஈரக்காற்று விலக வேண்டும்.