நெல்லைக்குப் போகும் ராத்திரி ரயிலும் ஒரு தோள்பையும்

கைக்குழந்தையையும் மூன்று வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்குப் போவதென்றால், ஊரில் எத்தனை நாள் இருக்கப்போகிறோம் என்று கணக்குப் போட்டுத்தான் எல்லோரும் பை கட்டுகிறார்கள். பத்து நாளா, அப்போ ஆளுக்கு இருபது சட்டை, டயப்பர் பெரிய பாக்கெட், புட்டி கழுவுகிற பிரஷ், குளிப்பாட்டுகிற டப் என்று போய்க்கொண்டே இருக்கும். நான் அப்படிக் கட்டுவதில்லை. ஊரில் ஆச்சி வீடு இருக்கிறது, தெருமுனையில் மருந்துக்கடை இருக்கிறது, துவைத்துப் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்கிற வெயில் இருக்கிறது. கேட்டது கிடைக்காத இடம் நடுவில் இருக்கும் அந்த ஒரு ராத்திரி மட்டும்தான். பெட்டியில் விளக்கெல்லாம் அணைத்த பிறகு, வண்டி விருத்தாசலத்தில் நிற்கிறதா திருச்சியில் நிற்கிறதா என்று தெரியாத நேரத்தில், பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் தடவி எடுக்க முடிய வேண்டும். பெரிய பை எப்படி இருந்தாலும் சரி, சீட்டுக்கு அடியில் போய்விடும். தோள்பைதான் முக்கியம்.

தோள்பைக்குள் துணியைத் தனியாக, டயப்பரைத் தனியாக அடுக்கவே கூடாது. ஒரு டயப்பர், ஒரு ஜட்டி, ஒரு பனியன் அல்லது ஜப்லா, நாலைந்து ஈரத் துடைப்புத் தாள், ஒரு துண்டு பழைய வேட்டித் துணி, இவ்வளவையும் சேர்த்துச் சுருட்டி ஒரு காலி பிரெட் கவருக்குள் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டிவிடுங்கள். பிள்ளை நனைத்துவிட்டால் ஒரு சுருட்டை மட்டும் உருவினால் போதும், எல்லாம் கையில் வந்துவிடும், அழுக்கானது அதே கவருக்குள் போய் அதே ரப்பர் பேண்டால் மூடிக்கொள்ளும், நாற்றமும் வராது. பெரியவனுக்கும் இதே மாதிரி ரெண்டு சுருட்டு வேண்டும், அவன் டயப்பரை விட்டுவிட்டான் என்றாலும் வேண்டும். அப்புறம் ஒரு ரப்பர் ஷீட். ஆடுகிற ரயிலின் கழிப்பறையில் பிள்ளைக்கு மாற்றிவிடுவதைவிட பர்த்திலேயே ஷீட்டை விரித்து மாற்றுவது எவ்வளவோ மேல்.

பால் விஷயம் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற, ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தண்ணீர்கூட வேண்டாம், மே மாத வெயிலிலும் வேண்டாம், அடிக்கடி பால் கொடுத்தால் போதும். பக்கத்து சீட்டில் யாராவது "நாக்கு வறண்டு கிடக்கு, ஒரு சங்கு தண்ணி கொடும்மா" என்று அன்பாகத்தான் சொல்வார்கள், சிரித்துவிட்டுப் பாலைக் கொடுங்கள். தோளில் போட்டுக்கொள்ள ஒரு பெரிய காட்டன் துப்பட்டா போதும். பவுடர் பால் என்றால்தான் வேலை ஜாஸ்தி. வீட்டிலேயே கலக்கி எடுத்து வருவது கூடாது. ஒரு வேளைக்கு எவ்வளவோ அதைச் சின்னச் சின்ன ஈரமில்லாத டப்பாக்களில் அளந்து போட்டுக்கொண்டு, கொதித்த தண்ணீரை நல்ல ஃப்ளாஸ்கில் ஊற்றி எடுத்து வரவேண்டும். பவுடரிலேயே கிருமி இருக்கலாம் என்பதால் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில்தான் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், ஆறவைத்துத்தான் கொடுக்க வேண்டும். குழந்தை வாய் வைத்துவிட்டு மிச்சம் வைத்த பாலை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள், கொட்டிவிடுங்கள், மனசு கேட்காதுதான், ஆனாலும் கொட்டிவிடுங்கள். ஃப்ளாஸ்க் மட்டும் பெரியவனுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

பெரியவனுக்கு நெய் தடவிய இட்லி, அதுவும் சட்னி இல்லாமல், தேங்காய்ச் சட்னி விடிவதற்குள் ஊசிப்போகும். கூட வாழைப்பழம், பொரி. முழு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் வேண்டவே வேண்டாம், ஓடுகிற வண்டியில் தொண்டையில் சிக்கினால் டாக்டரை எங்கே தேடுவது?

மருந்துக்கு ஒரு சின்ன டப்பா. அதில் நான் ரொம்பக் கண்டிப்பாக இருப்பது காய்ச்சல் மருந்து விஷயத்தில். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120, 125 அல்லது 250 மில்லிகிராம்தான். அதாவது சின்னப் பிள்ளைக்கு என்று எழுதியிருக்கிற சொட்டு மருந்துதான் அடர்த்தியானது. தூக்கக் கலக்கத்தில் சொட்டு மருந்தை சிரப் அளவில் ஊற்றிவிட்டால் சிரப்பைப் பொறுத்து ரெண்டு மடங்கிலிருந்து நாலு மடங்கு வரை உள்ளே போய்விடும். பிள்ளையின் எடைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு, பாட்டிலிலேயே பிளாஸ்திரி ஒட்டிப் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள், அந்தந்த மருந்தோடு வந்த டிராப்பரும் மூடியும் அதனோடேயே இருக்கட்டும். அப்புறம் வயிற்றுப்போக்கு வந்தால் கலக்கிக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஒரு லிட்டர் பாக்கெட்டைக் குத்துமதிப்பாக டம்ளரில் கலக்கக்கூடாது, ரயில்வே விற்கிற 'ரயில் நீர்' தண்ணீர் பெரிய பாட்டில் சரியாக ஒரு லிட்டர், ஒரு முழு பாட்டிலுக்கு ஒரு முழு பாக்கெட், ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்ற சர்க்கரைப் பானங்களை நம்பி வாங்கியவர்கள் எத்தனையோ பேர், 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. அதனால் ஸ்டேஷன் கடையை நம்பாமல் பாக்கெட்டை வீட்டிலிருந்தே எடுத்து வந்துவிடுவது நல்லது.

ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ரயிலில் டிக்கெட் எடுக்க வேண்டாம், டிக்கெட் எடுக்காவிட்டால் தனி பர்த்தும் கிடையாது. கீழ் பர்த் கிடைத்தால் குழந்தை சுவர்ப் பக்கம், நாம் நடைபாதைப் பக்கம், இடையில் சுருட்டிய போர்வை. 2022 மே மாதம் லக்னோ மெயிலில் கீழ் பர்த்தோடு மடித்து வைக்கிற குட்டிக் குழந்தை பர்த் ஒன்றைச் சோதனையாகப் பொருத்தினார்கள், அந்த மாதிரி ஒன்று தென் மாவட்ட ரயில்களிலும் வந்தால் எத்தனை அம்மாக்கள் ஒரு மணி நேரமாவது கண்ணை மூடுவார்கள்! ஏசி பெட்டி என்றால் குல்லாவும் சாக்ஸும் தோள்பையில் மேலாக இருக்கட்டும், நடு ராத்திரியில்தான் அங்கே குளிர் ஏறும்.

பெரியவனுக்கென்று ஒரு குட்டிப் பை கொடுங்கள். ரெண்டு கார், கொஞ்சம் ஸ்டிக்கர், அவன் போர்வை, அவ்வளவுதான், அவனே தூக்கி வரட்டும், தன் பை என்றால் அதை விட்டு நகர மாட்டான். அவன் சட்டைப் பையில் நம் போன் நம்பர் எழுதிய சீட்டு. பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் அன்றைய உடுப்போடு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் எந்த அம்மாவுக்கும் வாயில் வராது. ரயிலில் எந்த உதவிக்கும் 139, குழந்தைகளுக்கு 1098.

திரும்பும்போது ஆச்சி அல்வா, முறுக்கு, கூழ்வற்றல், வீட்டு மிளகாய்ப்பொடி என்று கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், வேண்டாம் என்று சொல்லவும் கூடாது. அதற்கென்று ஒரு காலிப் பையை மடித்து எடுத்துப் போங்கள். தோள்பைக்குள் மட்டும் அல்வா டப்பா ஒன்றுகூட நுழையவேண்டாம், அன்றைக்கு ராத்திரிக்கும் அதே சுருட்டுகள் வேண்டும்.