அயோனா: பாதியில் நின்ற சங்கீதம்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் அயோனா தீவுக்குப் போவது கொஞ்சம் சுற்றுதான். ஓபன் துறைமுகத்தில் கப்பலேறி மல் தீவில் இறங்க வேண்டும். அந்தத் தீவின் மறுகோடிவரை பேருந்து. அப்புறம் பத்து நிமிடம் படகு. வெளியாட்கள் கார் கொண்டுபோக அனுமதி இல்லை. அதுவும் நல்லதுதான், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமுள்ள தீவை நடந்தே பார்த்துவிடலாம்.

துறையிலிருந்து போகும் வழியில் முதலில் கன்னியர் மடத்தின் இடிபாடுகள். கூரையில்லாத இளஞ்சிவப்பு கிரானைட் சுவர்கள். படம் எடுக்கிறவர்கள் பாதிப்பேர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அங்கே கால் தரிக்கவில்லை, மனசெல்லாம் கொலும்பாவின் மேட்டில் இருந்தது.

563-இல் அயர்லாந்திலிருந்து 12 சீடர்களோடு வந்து இங்கே மடம் அமைத்தவர் கொலும்பா. மரத்தாலும் தட்டியாலும் கட்டியவை என்பதால் அந்தக் கட்டடங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் இன்றைய ஆலயத்தின் மேற்கு வாசலுக்கு எதிரே சின்னதாக ஒரு பாறை மேடு இருக்கிறது. அவர் எழுதிய குடிசை அதன்மேல்தான் இருந்தது என்பது மரபு. 1950-களில் அங்கே தோண்டியெடுத்துத் தீப்பெட்டிகளில் போட்டு வைத்திருந்த கரித்துண்டுகளை 2017-இல் ஆய்வு செய்ததில், அவருடைய காலத்தோடு ஒத்துப்போனது.

597-இல் தம் கடைசி நாளில் கொலும்பா வேதாகமத்தின் சங்கீதங்களைப் பிரதியெடுத்துக்கொண்டிருந்தார். "கர்த்தரைத் தேடுகிறவர்களுக்கோ ஒரு நன்மையுங்குறைபடாது" என்ற 34-ஆம் சங்கீத வரி வந்ததும் நிறுத்திவிட்டு, மீதியைத் தம் சீடர் பைத்தேன் எழுதட்டும் என்றாராம். அன்று நள்ளிரவு மணி அடித்ததும் எல்லாருக்கும் முன்னால் ஆலயத்துக்கு ஓடி, பலிபீடத்தின் முன்பே உயிர்விட்டார். அவருக்குப் பின் மடத்தலைவரானது அந்தப் பைத்தேன்தான். ஒரு நூற்றாண்டு கழித்து இதை எழுதிவைத்தவர் அதே மடத்தின் ஒன்பதாம் தலைவர் அதம்னான்.

மேட்டில் உட்கார்ந்து கைபேசியில் அடுத்த வசனத்தை எடுத்தேன்: "பிள்ளைகளே, வந்து எனக்குச் செவிகொடுங்கள்." சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த வசனம்தான். அங்கே உட்கார்ந்து வாசிக்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டது.

795-இல் வைக்கிங்குகள் என்ற வடநாட்டுக் கடற்கொள்ளையர் வந்தார்கள். 806-இல் 68 பேரைக் கொன்றார்கள். படகுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் வெண்மணல் கரைக்கு இன்றும் இரத்தசாட்சிகள் விரிகுடா என்றுதான் பெயர். துறவிகள் பலர் அயர்லாந்தின் கெல்ஸுக்குப் போய்விட்டார்கள். உலகப் புகழ்பெற்ற கெல்ஸ் சுவிசேஷப் பிரதியின் வேலை இங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

இப்போது நாம் பார்க்கும் கல் ஆலயம் 1200 வாக்கில் பெனடிக்ட் சபைத் துறவிகளுக்காகத் தொடங்கியது. 1560-இல் ஸ்காட்லாந்து புராட்டஸ்டண்ட் வழிக்கு மாறிய சீர்திருத்தத்தோடு அவர்கள் வாழ்வும் முடிந்து கூரைகள் விழுந்தன. 1899-இல் ஆர்கைல் பிரபு இடிபாடுகளை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தபோது, எல்லாத் திருச்சபையாரும் இங்கே ஆராதிக்கலாம் என்று வழி செய்தார். முதலில் ஆலயம் எழும்பியது. 1938-இல் ஜார்ஜ் மெக்லியோட் என்ற போதகர் கிளாஸ்கோவில் வேலையில்லாமல் இருந்த தொழிலாளர்களையும் இளம் போதகர்களையும் சேர்த்துக்கொண்டு மடத்தைக் கட்ட ஆரம்பித்தார். முடிய 1965 ஆனது. ஆலயத்தைவிட இந்தக் கதைதான் எனக்குப் பெரிதாகப்பட்டது.

வாசலில் நிற்கும் மார்ட்டின் சிலுவையைத் தவறவிடாதீர்கள். எட்டாம் நூற்றாண்டிலிருந்து நிறுத்திய இடத்திலேயே நிற்கிறது. மேற்கு முகத்தின் நடுவில் மரியாளும் பாலகனும், கீழே சிங்கங்களுக்கு நடுவே தானியேல். கடற்காற்றில் முகங்கள் தேய்ந்துவிட்டன. சாய்வெயில் விழும்போதுதான் யார் எவர் என்று தெரிகிறது. உள்ளே திருவிருந்து மேசை இந்தத் தீவிலேயே வெட்டிய பச்சை ரேகை ஓடும் பளிங்கு.

காலைப் படகில் வந்து மாலைப் படகில் திரும்புகிறவர்களுக்கு இராஜெபம் கிடைக்காது. ஓர் இரவாவது தங்குங்கள். கோடையென்றால் அறைக்கு மாதக்கணக்கில் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.