ஒன்பது மறுப்புகளுக்குப் பிறகு மீண்டும் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்த அனுபவம்

2021 டிசம்பரில், அமெரிக்காவிலுள்ள ஒன்பது பல்கலைக்கழகங்களின் நுண்ணுயிரியல், உயிர்மருத்துவத் துறைகளுக்கு முனைவர் பட்ட ஆய்வுக்காக விண்ணப்பித்தேன். 2022 மார்ச் முடிவதற்குள் ஒன்பது இடங்களிலிருந்தும் மறுப்பு வந்துவிட்டது; ஓரிடத்திலிருந்துகூட நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லை. விண்ணப்பக் கட்டணம் மட்டுமே ஏறத்தாழ 60,000 ரூபாய் ஆகியிருந்தது. அப்பா அந்தப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பெரும் பாரமாக இருந்தது. அடுத்த முறை எனக்கு இடம் கிடைத்தது. ஆனால் அதே விண்ணப்பத்தைத் தூசு தட்டி மறுபடி அனுப்பியதால் அது கிடைக்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மறுப்புக் கடிதங்களில் காரணம் எதுவும் இருப்பதில்லை. சேர்க்கை வேலைகள் ஓய்ந்த பிறகு, மே மாதத்தில், நான்கு துறைகளுக்கு நன்றி கூறி, என் விண்ணப்பத்தில் எது வலுவற்றிருந்தது என்ற ஒரே கேள்வியுடன் மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு துறை மட்டும் இரண்டு வரியில் பதில் எழுதியது: ஆய்வு அனுபவம் தெளிவாகப் புலப்படவில்லை, வெளிநாட்டு மாணவர்களுக்கான இடங்களும் மிகக் குறைவு. இரண்டாவது வரியின் பின்னணி எனக்குப் பிறகுதான் விளங்கியது. பல உயிர்மருத்துவத் துறைகளில் தொடக்க ஆண்டுகளின் உதவித்தொகை, அந்நாட்டு தேசிய சுகாதார நிறுவனம் வழங்கும் பயிற்சி மானியங்களிலிருந்து வருகிறது; அந்த மானியத்தை அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே கொடுக்க முடியும். நம்மைப் போன்றவர்களுக்குத் துறை வேறு பணம் தேட வேண்டும். 2025-ல் ஆய்வு நிதி வெட்டப்பட்டபோது பல துறைகள் மாணவர் எண்ணிக்கையையே குறைத்துக்கொண்டன. ஆகவே மறுப்பில் ஒரு பகுதி நம் கையில் இல்லாதது. அடுத்த முறை பட்டியல் தயாரிக்கையில், ஒவ்வொரு துறையின் தற்போதைய மாணவர்கள் பக்கத்தைத் திறந்து, தெற்காசியாவில் இளநிலை படித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். ஒருவரும் இல்லாத மூன்று துறைகளை நீக்கினேன்.

மறுபகுதி முழுக்க முழுக்க என்னுடையது. எதை, ஏன் ஆராய விரும்புகிறேன் என்று விண்ணப்பத்துடன் நான் எழுதியிருந்த நோக்க அறிக்கையை ஓர் அந்நியர் எழுதியதாக நினைத்துப் படித்தேன். சிறுவயதிலிருந்தே அறிவியலில் எனக்கிருந்த ஆர்வத்தைப் பற்றி ஒரு பத்தி, பல்கலைக்கழகத்தின் பெருமையைப் பற்றி ஒரு பத்தி. முதுநிலையில் ஆறு மாதம் செய்த ஆய்வுக்கு இரண்டே வாக்கியங்கள். நொச்சி இலைச் சாற்றின் நுண்ணுயிர் எதிர்ப்புத் திறனை ஆராய்ந்து நல்ல முடிவு கண்டேன் என்று அவை கூறின. உண்மையில் நடந்தது வேறு. சாற்றில் தோய்த்த தாள் வட்டைச் சுற்றி 11 மில்லிமீட்டர் அளவுக்குப் பாக்டீரியா வளராத வளையம் உருவானது. ஆனால் சாறு எடுக்கப் பயன்படுத்திய மெத்தனால் என்ற கரைப்பானில் மட்டும் தோய்த்த வட்டைச் சுற்றியும் 9 மில்லிமீட்டர் வளையம் இருந்தது. வட்டையும் சேர்த்து அளந்த அளவுகள் இவை; வட்டின் விட்டமே 6 மில்லிமீட்டர். அப்படியானால் பாக்டீரியாவைத் தடுத்தது இலையா, கரைப்பானா? வட்டுகளை நன்கு உலர்த்திய பிறகு மறுபடி சோதித்து, வளையம் சுருங்கியதைக் கண்டு குழம்பி நின்ற அந்த மூன்று வாரங்களைத் தோல்வி என்று கருதி மறைத்திருந்தேன். இரண்டாவது அறிக்கை அந்த 9 மில்லிமீட்டரிலிருந்துதான் தொடங்கியது. முடிவு நன்றாக வந்ததா என்பதைவிட, முடிவு சந்தேகத்துக்கு இடமாக இருந்தபோது விண்ணப்பதாரர் என்ன செய்தார் என்பதே தேர்வுக் குழுவுக்கு வேண்டியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பரிந்துரைக் கடிதங்களைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முதல் முறை நான் அணுகிய ஆசிரியர்கள் மூவருமே, "நீயே எழுதிட்டு வாம்மா, நான் அப்லோடு பண்ணிடறேன்" என்றார்கள். நம் கல்லூரிகளில் இது வழக்கமாகிவிட்டது. அவர்களுக்கு இருக்கும் வேலைப்பளுவும் எனக்குத் தெரியும். ஆனால் மூன்று கடிதங்களும் ஒரே கையால், ஒரே நடையில், கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், வகுப்புக்குத் தவறாமல் வருபவர் என்று சொன்னால் படிப்பவருக்கு அது தெரியாமல் போகுமா? அதைவிட முக்கியமாக, பிறர் பெயரில் நாமே எழுதுவது நேர்மையும் அல்ல. இரண்டாம் முறை, ஒவ்வொருவரிடமும் அவரோடு சேர்ந்து செய்த வேலைகளைத் தேதிவாரியாக ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, கடிதத்தைத் தாங்களே எழுத இயலுமா என்று இரண்டு மாதம் முன்பே பணிவுடன் கேட்டேன். ஒருவர் நேரமில்லை என்றார். அவருக்குப் பதிலாக, அப்போது நான் பணியாற்றிய ஆய்வகத் தலைவர் எழுதினார்.

அந்த வேலையில், பெங்களூருவில் ஓர் ஆய்வகத்தில் திட்ட உதவியாளராக, 2022 ஜூனில் சேர்ந்திருந்தேன். அந்த ஆண்டு டிசம்பரிலேயே மறுபடி விண்ணப்பிக்கத் துடித்தபோது, ஆய்வகத் தலைவரான மேடம் தடுத்தார்: "ஆறு மாசத்துல உன்னைப் பத்தி நான் என்ன எழுத முடியும்? அடுத்த வருஷம் போடு." மனம் வலித்தாலும் கேட்டுக்கொண்டேன். விண்ணப்பத்தில் புதிதாகச் சேர்ந்த ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாவிட்டால் அந்த ஆண்டு கட்டணம் கட்ட வேண்டாம் என்றே இன்று என்னிடம் கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். இடைப்பட்ட காலத்தில், இந்தியாவில் ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வையும் எழுதினேன். அதன் மூலம் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால், 2023-லிருந்து மாதந்தோறும் 37,000 ரூபாய் உதவித்தொகையுடன் இங்கேயே ஆய்வு செய்யலாம் என்பதால், அதை இரண்டாந்தர வழியாக யாரும் நினைக்க வேண்டாம்.

சில நடைமுறைச் செய்திகள். ஆங்கிலத் திறனுக்கான டோஃபல் தேர்வின் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளும், மேற்படிப்புக்கான பொதுத் தகுதித் தேர்வான ஜி.ஆர்.இ.யின் மதிப்பெண் ஐந்து ஆண்டுகளும் செல்லும். ஓராண்டு தள்ளிப்போட்டதால் டோஃபலை மறுபடி எழுத வேண்டியதாயிற்று. பல துறைகள் ஜி.ஆர்.இ.யைக் கேட்பதே இல்லை. கட்டணம் செலுத்துவதற்கு முன்பே விலக்கு உண்டா என்று கேளுங்கள். எனக்கு இரண்டு இடங்களில் கிடைத்தது. முன்பு விண்ணப்பித்ததுண்டா என்ற கேள்விக்குத் தயங்காமல் ஆம் என்று எழுதுங்கள்.

2023 டிசம்பரில் ஏழு இடங்களுக்கு விண்ணப்பித்தேன். மூன்று நேர்காணல்கள் வந்தன. அவற்றில் ஒன்றில் ஒரு பேராசிரியை என் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, மெத்தனாலுக்குப் பதில் தண்ணீரில் சாறு எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். தெரியவில்லை, ஆனால் இப்படிச் சோதித்துப் பார்த்திருப்பேன் என்று ஒரு தாளில் படம் வரைந்து கேமராவுக்கு நேரே காட்டினேன். அரை மணி நேர நேர்காணலில் இருபது நிமிடம் அந்தப் படத்தைப் பற்றியே பேசினோம். பிப்ரவரி இறுதியில் அங்கிருந்து சேர்க்கைக் கடிதம் வந்தது. பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் இருந்தும் மார்ச் மாதமே ஒப்புதல் அனுப்பிவிட்டு, இன்னொரு பல்கலைக்கழகத்தின் காத்திருப்போர் பட்டியலில் இருந்த என் பெயரை அன்றே விலக்கிக்கொண்டேன்; அந்தப் பட்டியலில் எனக்குப் பின்னால் யாரோ ஒருவர் காத்திருந்திருப்பார்.