காரைக்கால்காரிகள் நால்வர், அங்கோர் ஆறு நாள்

ஜனவரி 13, 2024, சனி. இரவு, சென்னை விமான நிலையம்

பொங்கலுக்கு வீட்டில் இல்லாமல் ஊர் சுற்றப் போகிறவளை எங்கள் தெருவில் என்ன சொல்வார்கள் என்று தெரியும். சொல்லட்டும். நாங்கள் நாலு பேரும் ஒன்றாகக் கிளம்பி இருபது வருஷம் ஆகிறது. ராணி, ஸ்டெல்லா, ஃபாத்திமா, நான். காரைக்காலில் ஒரே பெஞ்சு. இப்போது நாலு ஊர், நாலு ரத்த அழுத்த மாத்திரை.

கம்போடியா என்றதும் மற்ற மூவருக்கும் அங்கோர் வாட்தான். எனக்கு வேறொரு கணக்கு. பந்தே ஸ்ரெய் என்ற சின்னக் கோயிலில் எங்கள் ஊர்க்காரி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று படித்ததிலிருந்து, போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. ஊர்க்காரி என்றால் காரைக்கால் அம்மையார்.

ஜனவரி 14, ஞாயிறு. போகி

கோலாலம்பூரில் விமானம் மாறி, அங்கோர் கோயில்களுக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப் வந்து சேர்ந்தோம். விமான நிலையம் புத்தம் புதுசு, போன அக்டோபரில்தான் திறந்தார்கள். பழையது ஊரை ஒட்டியே இருந்ததாம். இது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி. வேனில் ஒரு மணி நேரம், இரு பக்கமும் வயல், வயலுக்கு நடுவே பனை மரம். "நெடுங்காடு பக்கம் வந்த மாதிரி இருக்குடி" என்றாள் ராணி. பனைதான் இந்த நாட்டின் தேசிய மரமாம்.

இங்கே ரியெல் என்று சொந்தப் பணம் இருந்தாலும் எல்லாம் டாலரில்தான் நடக்கிறது. ஒரு டாலருக்குச் சுமார் 4,000 ரியெல். கோயில்களைப் பார்க்க மூன்று நாள் அனுமதிச் சீட்டு 62 டாலர். பத்து நாளைக்குள் எந்த மூன்று நாள் வேண்டுமானாலும் போகலாம். முகத்தைப் படம் எடுத்து அட்டையில் அச்சடித்துத் தருகிறார்கள். படத்தில் நான் தேடப்படும் குற்றவாளி மாதிரி இருக்கிறேன்.

அங்கேதான் முதல் சிக்கல். நான் நீட்டிய இருபது டாலர் நோட்டைக் கவுன்ட்டர் பெண் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி திருப்பிக் கொடுத்தாள். ஓரத்தில் ஒரு கடுகளவு கிழிசல். இந்த ஊரில் கிழிந்த டாலரை யாரும் தொடுவதில்லை. சென்னையில் மாற்றித் தந்தவர் நைசாக என் தலையில் கட்டிவிட்டார். சாயங்காலம் பழக்கடை, ஓட்டல், டுக்டுக் என்று வரிசையாக முயன்றேன். எல்லாரும் அதே சிரிப்பு.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

காலை நாலு மணிக்கு எழுந்து, ஐந்துக்கெல்லாம் அங்கோர் வாட் வாசலில். இருட்டில் அகழியைத் தாண்டும்போது தண்ணீர் தெரியவில்லை, குளிர்ச்சி மட்டும் தெரிந்தது. அகழியின் அகலமே 190 மீட்டர். உள்ளே இடப்பக்கக் குளத்தங்கரையில் நமக்கு முன்னால் உலகமே நிற்கிறது.

கோபுரத்துக்கு நேர் பின்னால் சூரியன் எழும் என்று எல்லாப் படத்திலும் பார்த்திருந்தோம். அது பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களில்தான். கோயில் மேற்கு பார்த்தது. தை மாதத்தில் சூரியன் தெற்கே தள்ளியிருப்பதால் கோபுரங்களுக்கு வலப்பக்கம், மரங்களுக்கு மேலே எட்டிப் பார்த்தது. கூட்டத்தில் ஒரு ஏமாற்ற முனகல். ராணி மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு, மெல்லிய குரலில் "பொங்கலோ பொங்கல்" என்றாள். பக்கத்திலிருந்த ஜப்பானியத் தம்பதி அவளைப் பார்த்துத் தாங்களும் கும்பிட்டார்கள். பிறகு வாசலில் கரும்புச்சாறு. அதுதான் இந்த வருஷப் பொங்கல்.

கெமர் அரசன் இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டில் பெருமாளுக்குக் கட்டிய கோயில். சுவர் நெடுகச் சிற்பம். கிழக்குத் தாழ்வாரத்தில் பாற்கடல் கடையும் காட்சி மட்டும் 49 மீட்டர். ஒரு பக்கம் 92 அசுரர்கள், மறுபக்கம் 88 தேவர்கள். தேவர்கள் வரிசையின் கடைசியில் பெரிய குரங்கு ஒன்று வாசுகியைப் பிடித்திருக்கிறது. அனுமார் என்கிறார்கள். பாற்கடலில் அனுமாருக்கு என்ன வேலை என்று ராணிக்கு ஒரே கோபம். கதை கடல் தாண்டினால் ஆள் கூடத்தான் செய்யும் என்றேன்.

தெற்குத் தாழ்வாரத்தில் எமன், சித்திரகுப்தன், 37 சொர்க்கம், 32 நரகம். ஸ்டெல்லா சொர்க்கத்தை விட்டுவிட்டு நரகத்தை மட்டும் ஒவ்வொன்றாக நின்று பார்த்தாள். ஆபீசில் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டவள் அவள்.

நடுக் கோபுரத்தின் மேல்தளத்துக்குப் பாகான் என்று பெயர். ஏணி மாதிரி செங்குத்தான படி, வெயிலில் நீண்ட வரிசை. ஃபாத்திமா தன் முட்டியைத் தடவிக்கொண்டே, "கடைசி நாள் ஏறிக்கலாம்டி" என்றாள். ஒத்துக்கொண்டோம்.

ஜனவரி 16, செவ்வாய்

ராணிக்கு வயிறு சரியில்லை. நேற்றிரவு அமோக் என்ற மீன் குழம்பை (வாழையிலைக் கிண்ணத்தில் தேங்காய்ப்பால் விட்டு வேகவைத்தது, பெயருக்கேற்ப அமோகம்) மூன்று பேருக்கான அளவு சாப்பிட்டதுதான் காரணம் என்பது எங்கள் தீர்ப்பு. ஓஆர்எஸ், மோர் இல்லை, தூக்கம். இன்று சீட்டைச் செலவழிக்கவில்லை.

ஜனவரி 17, புதன்

பந்தே ஸ்ரெய்க்கு டுக்டுக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல். போகும் வழியில் சாலையோரம் பெரிய கடாய்களில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கருப்பட்டியை வில்லை வில்லையாக வார்த்து, பனையோலையில் சுருட்டி விற்கிறார்கள். ஆளுக்கு நாலு சுருள் வாங்கினோம்.

கோயிலைப் பார்த்ததும் மூவரும் "இவ்வளவுதானா?" என்றார்கள். உண்மைதான், அங்கோர் வாட்டைப் பார்த்த கண்ணுக்குப் பொம்மை வீடு. கிட்டே போனதும் பேச்சு நின்றது. இளஞ்சிவப்பு மணற்கல். தச்சன் மரத்தில் இழைத்த மாதிரி, விரல் நுழைய இடமில்லாமல் இலையும் கொடியும் உருவமுமாகச் செதுக்கியிருக்கிறார்கள். கட்டியது அரசன் இல்லை, யக்ஞவராகன் என்ற அரண்மனைக் குரு. குடமுழுக்கு நடந்த ஆண்டு 967. அன்றைக்கு சுவாமியின் பெயர் திரிபுவனமகேஸ்வரன். நமக்குத் திருபுவனம் என்றால் பட்டுப்புடவை.

1923இல் ஆந்த்ரே மால்ரோ என்ற பிரெஞ்சு இளைஞர் இங்கிருந்த தேவதைச் சிலைகளை அறுத்தெடுத்துக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டார். பிற்காலத்தில் அவரே பிரான்சின் கலாசார அமைச்சர். வழிகாட்டி இதைச் சொன்னபோது ஸ்டெல்லா முகத்தில் ஒரு தர்மசங்கடம். அவள் தாத்தா சைகோனில் பிரெஞ்சு அரசாங்கத்துக் குமாஸ்தா. 1954 வரை காரைக்காலும் அவர்களிடம்தானே இருந்தது! இந்தோசீனாவுக்கு (வியட்நாம், கம்போடியா, லாவோஸ் சேர்ந்த பிரெஞ்சுக் காலனி) அப்படிக் கப்பலேறியவர்கள் எங்கள் பக்கம் நிறைய. "தாத்தா ஒரு கல்லும் எடுத்துட்டு வரலை, சத்தியமா" என்றாள்.

உள்மதிலின் கிழக்கு வாயில். நிலைக்கு மேலே முக்கோணக் கல்லில் பத்துக் கை நடராசர். கூட்டம் அங்கே நிற்கவில்லை, கைலாயத்தை அசைக்கும் ராவணனைப் படம் எடுக்க உள்ளே ஓடுகிறது. நடராசரின் காலடியில் ஓரமாக ஒரு உருவம். வற்றித் தொங்கும் மார்பு, எண்ணிவிடலாம் போல விலா எலும்பு. சுற்றிலும் இடுப்பு ஒசித்து நிற்கும் அழகிகளுக்கு நடுவே இது ஒன்றுதான் அழகைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்திருக்கிறது. காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் சொல்வது இவரைத்தான். பெயர் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஆடுகிறவனின் காலடியில் உட்காரும் பேயுருவப் பெண் வேறு யார் இருக்கிறார்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். தஞ்சைப் பெரிய கோயில் முடிவதற்கு 43 ஆண்டுக்கு முன். சேக்கிழார் அவர் கதையைப் பாடுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன். ராஜேந்திரன் கடாரத்துக்குக் கப்பல் விட்டதற்கும் முன். சோழர் படையோடு வந்தவர் இல்லை. வியாபாரி வாயிலோ, அடியார் வாயிலோ, யாரோ ஒருவர் நினைவிலோ ஏறி வந்திருக்கிறார்.

"இவங்களுக்கு இங்க யாரும் மாம்பழம் எறியறதில்லையா?" என்றாள் ஃபாத்திமா. ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்து கூடை கூடையாக மாம்பழம் வீசுவார்கள். ஃபாத்திமா வீட்டு மாடிதான் எங்களுக்கு நல்ல இடம். அவள் உம்மா பழத்தைப் பொறுக்கித் துடைத்துத் தருவார். வழிகாட்டிக்கு இதையெல்லாம் ஆளுக்கொரு ஆங்கிலத்தில் விளக்கினோம். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு பழம், அடியாருக்குப் போட்ட ஒன்று, கேட்டதும் கைக்கு வந்த இன்னொன்று, பயந்து விட்டுப்போன கணவன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த ஆள் பிறகு என்ன ஆனான்?" என்றார். பாண்டி நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டான் என்றோம். அவர் தலையை ஆட்டிய விதத்தில் கம்போடியாவிலும் இப்படி நடக்கும் என்று தெரிந்தது.

திரும்பும் வழியில் தா புரோம். மரம் விழுங்கிய கோயில். இந்தியத் தொல்லியல் துறைதான் சீர்செய்கிறது. ஒரு காலத்தில் 12,640 பேர் வாழ்ந்த இடம், அதில் 615 பேர் நடனப் பெண்கள் என்கிறது கல்வெட்டு. மரத்தடியில் படம் எடுக்க வரிசை. நாங்கள் நிற்கவில்லை.

ஜனவரி 18, வியாழன். இரவு, சியம் ரீப் விமான நிலையம்

காலையில் பாயோன் கோயிலின் கல்முகங்கள், பிறகு பாபுவோன் கோயில். பாபுவோனைச் சீர்செய்வதற்காகப் பிரித்து எண் போட்டு, மூன்று லட்சம் கற்களைக் காட்டில் பரப்பி வைத்திருந்தார்களாம். உள்நாட்டுப் போரில் வேலை நின்றது. கெமர் ரூஜ் என்ற கொடுங்கோல் கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் எந்தக் கல் எங்கே என்ற குறிப்புகளும் அழிந்தன. மறுபடி பொருத்தி முடித்தது 2011இல். எங்கள் வழிகாட்டியின் அப்பாவும் அந்தக் காலத்தில்தான் காணாமல் போனார். அதைச் சொல்லிவிட்டு, அதே குரலில் கழிப்பறை எங்கே என்றும் சொன்னார்.

கடைசியாக அங்கோர் வாட், பாகான் ஏற. படியடியில் கயிறு கட்டிப் பலகை வைத்திருக்கிறார்கள். பௌத்தப் புனித நாளில் மேலே விடமாட்டார்களாம். வளர்பிறை எட்டாம் நாள்.

"அஷ்டமி!" என்றாள் ராணி. "காலண்டரைப் பார்த்திருந்தா நானே சொல்லியிருப்பேன்."

ஃபாத்திமா முகத்தில் அப்படியொரு நிம்மதி. அவளை மன்னிக்க எங்களுக்கு ஒரு இளநீர் ஆயிற்று. அதற்கும் என் இருபது டாலர் செல்லவில்லை.

இப்போது போர்டிங் கேட்டில் இருக்கிறோம். ஃபாத்திமாவின் உம்மா வீடியோ காலில் வந்தார். கோயில், வெயில், சாப்பாடு எதையும் கேட்கவில்லை.

"அந்தம்மாவைப் பார்த்தீங்களா?"

"பார்த்தோம் உம்மா."

"எப்படி இருக்காங்க?"

ஃபாத்திமா எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ரொம்ப இளைச்சுட்டாங்க."